ஊற்றும் ஓடையும்: தண்டுவடக் காயத்தின் வரலாற்றில் ஒரு வலைப்பின்னல்

கழுத்தெலும்பு முறிந்த ஒருவனை உம்மிடம் தூக்கி வந்தால் முதலில் அவன் கழுத்தைப் பார்க்காதீர், கைகளைப் பாரும். குர்துபாவின் மாபெரும் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவி (இறப்பு கி.பி. 1013 அளவில்) தம் மாணாக்கருக்குக் கூறிய அறிவுரையின் சாரம் இதுவே. கைகள் துவண்டு கிடக்கின்றனவா, விரல்களை மடக்க இயலுகிறதா, கிள்ளினாலோ ஊசியால் குத்தினாலோ உணர்வு தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். உணர்வும் அசைவும் இல்லையெனில் பெரும்பாலும் அவன் பிழைக்க மாட்டான். இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பு நொறுங்கி, கால்கள் செயலிழந்து, சிறுநீரும் மலமும் தன்னுணர்வின்றி வெளியேறினால் அங்கும் மருத்துவன் கைவைக்க வேண்டியதில்லை. முப்பது பகுதிகளைக் கொண்ட அவருடைய 'அத்-தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில் இவை இடம்பெறுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோவில் க்ரெமோனாவின் ஜெரார்டு அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். 1465-இல் அமாஸியாவின் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு அதே மரபைத் துருக்கி மொழியில், முதுகெலும்பை இழுத்து நிமிர்த்தும் முறைகளை வண்ணப் படங்களோடு எழுதி, சுல்தான் இரண்டாம் முஹம்மதுக்குச் சமர்ப்பித்தார்.

'கைவைக்காதே' என்னும் இத்தீர்ப்பு ஸஹ்ராவியின் கண்டுபிடிப்பன்று. 1862-இல் லக்ஸரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஏறத்தாழ கி.மு. 1600-இல் படியெடுக்கப்பட்டது. அதன் 31-ஆவது நோயாளி, கழுத்து முள்ளெலும்பு இடம்பெயர்ந்து, தன் கைகால்களை அறியாமல், சிறுநீர் சொட்டச் சொட்டக் கிடக்கிறான். மற்ற நோயாளிகள் சிலருக்கு 'நான் மருத்துவம் செய்வேன்' என்றும், சிலருக்கு 'போராடிப் பார்ப்பேன்' என்றும் எழுதும் அந்தப் பெயரறியா மருத்துவர், இவனுக்கு மருத்துவம் செய்தற்குரியதன்று என்று முடித்துவிடுகிறார். பிரெஸ்டட் இச்சுருளை 1930-இல் மொழிபெயர்த்து வெளியிட்டபோது, இத்தீர்ப்புக்கு ஏறத்தாழ 3500 வயது ஆகியிருந்தது. அப்போதும் அது பெருமளவு மாறியிருக்கவில்லை.

அத்தீர்ப்பு எவ்வாறு தளர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அது தளர்ந்தமைக்கு அறுவைக் கத்தி மட்டும் காரணமன்று. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே, மூளைத்தண்டின் நடுவில், எல்லை வரையறுக்க இயலாத ஒரு நரம்புத் திரள் உண்டு. மருத்துவர்கள் ரெட்டிகுலர் ஃபார்மேஷன் என்று வழங்கும் அதனை நாம் வலைப்பின்னல் அமைவு எனலாம். நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தாத அத்திரளைப் பற்றிய அறிவு வளர்ந்தபோதுதான், முறிந்த தண்டுவடத்தைப் பற்றிய பார்வையும் மாறியது.

முதலில் பழைய கேள்விக்குச் செல்வோம். கழுத்தின் ஒரு மட்டத்தில் முறிந்தவன் அக்கணமே மடிகிறான். இரண்டு விரல் கீழே முறிந்தவன் கைகால் செயலிழந்தும் மூச்சு விடுகிறான். ஏன்? இதற்குச் சோதனை வழியே விடை தேடியவர் கேலன். இரண்டாம் நூற்றாண்டில், பன்றிகளிலும் குரங்குகளிலும் அவர் தண்டுவடத்தை மட்டம் மட்டமாக வெட்டிப் பார்த்தார். நடுக்கோட்டில் நெடுக்காகப் பிளந்தால் செயலிழப்பு இல்லை. ஒரு பக்கம் மட்டும் குறுக்கே வெட்டினால் அப்பக்கம் மட்டும் விழுகிறது. முதல் முள்ளெலும்புகளுக்கிடையே முழுதாக வெட்டினால் உடனே மரணம். கழுத்தின் கீழ்ப்பகுதியில் வெட்டினால் உதரவிதானம் தொடர்ந்து இயங்க, விலங்கு மூச்சு விடுகிறது. இச்சோதனைகள் அடங்கிய 'உடற்கூற்றுச் செய்முறைகள்' என்னும் பெருநூலின் கிரேக்க மூலம் ஒன்பதாம் பகுதியின் நடுவிலேயே அறுந்துபோயிற்று. எஞ்சிய பகுதிகள், பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் (இறப்பு கி.பி. 873) மொழிபெயர்ப்புக் குழுவினர் வழி வந்த அரபு வடிவத்தில் மட்டுமே உயிரோடிருக்கின்றன. அந்த அரபுப் பிரதியை மாக்ஸ் சைமன் 1906-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்த பின்னரே ஐரோப்பா அவற்றை மீண்டும் படித்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுதல் நலம். நம்மவர் கட்டுரைகளில் சில, இன்றைய அறிவியல் கண்ட ஒவ்வொன்றையும் அன்றே முஸ்லிம் அறிஞர்கள் கண்டுவிட்டனர் என்று நிறுவ முயல்கின்றன. இப்னு ஸீனா வலைப்பின்னல் அமைவை அறிந்திருந்தார் என்று எவரேனும் எழுதினால், அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர் அறிந்திருக்கவில்லை, அறிய வழியுமில்லை. அவர் செய்தது வேறு; அதன் மதிப்பும் வேறு.

'அல்-கானூன் ஃபித் திப்' நூலின் முதற் பகுதியில் இப்னு ஸீனா (இறப்பு ஹி. 428 / கி.பி. 1037) முதுகெலும்பின் பயனை விளக்குகிறார். நரம்புகள் யாவும் மூளையிலிருந்தே நேரே புறப்பட்டிருந்தால் தலை இன்றுள்ளதைவிட மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். உடல் அதைச் சுமக்க இயலாது. தொலைவிலுள்ள உறுப்புகளை எட்ட நெடும்பயணம் செய்யும் நரம்புகள் வழியில் அறுபடவும் கூடும். ஆகவே படைத்தவன் மூளையின் ஒரு பகுதியையே, ஊற்றிலிருந்து ஓடை இறங்குவதுபோல், உடலின் கீழே இறக்கி, ஆங்காங்கே பிரிந்து செல்லுமாறு அமைத்தான் என்பது அவர் தரும் விளக்கம். இவ்வுவமையின் வேர் கேலனிடம் இருக்கிறது. ஆனால் காரண காரியத்தோடு அதைச் சுருங்கச் சொல்லும் தெளிவு இப்னு ஸீனாவுடையது.

அவர் ஆளும் சொல் 'நுகாஃ'. அறுப்பின் சட்டங்களைப் படித்த வாசகர்களுக்கு அச்சொல் புதிதன்று. கத்தி நுகாஃ வரை இறங்குவது மக்ரூஹ் என்று ஹனஃபி நூலான 'அல்-ஹிதாயா' கூறுகிறது. அறுக்கப்பட்டதை உண்ணலாம், ஆனால் அச்செயல் வெறுக்கத்தக்கது. இடைக்கால இலத்தீனில் இதே சொல் 'நூக்கா' என்று தண்டுவடத்தைக் குறித்தது. பின்னர் பிடரியைக் குறிக்கும் 'நுக்ரா' என்னும் வேறோர் அரபுச் சொல்லோடு குழம்பி, இன்று ஐரோப்பிய மருத்துவத்தில் பிடரியின் பெயராக நிற்கிறது. ஒரு பிழையால் இடம் மாறினாலும் சொல் சாகவில்லை.

ஊற்று-ஓடை உவமை அழகியது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மருத்துவரின் சிந்தனையை அதுவே நடத்தியது. ஆனால் அது ஒன்றை மறைத்தது. ஓடையை மறித்தால் கீழ்நிலம் வறண்டுபோக வேண்டும். தண்டுவடம் முறிந்தவனின் கால்கள் வறண்டு கிடப்பதில்லை. முதல் நாள்களில் துவண்டிருக்கும் அவை, சில வாரங்களில் விறைக்கத் தொடங்கும். போர்வை உராய்ந்தாலே துள்ளும். முழங்கால் தானே மடங்கும். உறவினர் அதை 'கால் திரும்புகிறது' என்று மகிழ்வர். மருத்துவருக்கோ அது வேறு செய்தி. மேலிருந்து நீர் மட்டும் வந்துகொண்டிருக்கவில்லை, மதகும் வந்துகொண்டிருந்தது என்பதே அச்செய்தி. கீழே உள்ளதை அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று அறுந்துவிட்டது.

அந்த ஏதோ ஒன்று மூளைத்தண்டில் இருக்கிறது என்பதை நோக்கிய முதல் அடியை எடுத்து வைத்தவர், பிரெஞ்சு மருத்துவர் லெகல்லுவா. முயல்களில் மூளையை மேலிருந்து துண்டு துண்டாக நீக்கிக்கொண்டே வந்த அவர், முகுளத்தின் ஒரு சிறு பகுதியை எட்டும்வரை மூச்சு நிற்கவில்லை என்பதை 1812-இல் வெளியிட்டார். மூச்சின் ஊற்று முழு மூளையுமன்று, விரல் நுனியளவு இடம். கேலன் கண்ட வியப்புக்கு விடை அங்கே கிடைத்தது. மூச்சின் தாளம் முகுளத்தில் எழுகிறது. அதை உதரவிதானத்துக்குக் கடத்தும் நரம்பு கழுத்தின் மூன்று முதல் ஐந்து வரையான மட்டங்களில் வெளியேறுகிறது. அதற்கு மேலே அறுந்தால் மூச்சில்லை. கீழே அறுந்தால் மூச்சுண்டு.

ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண் வேறு பக்கம் திரும்பியது. 1870-இல் ஃப்ரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் பெருமூளைப் புறணியில் மின்சாரம் செலுத்தி எதிர்ப்பக்கக் காலை அசைத்தனர். புறணியிலிருந்து நேரே தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை அரசபாதையாயிற்று. பாடநூல்கள் யாவும் அதையே தடித்த கோடாக வரைந்தன. மூளைத்தண்டின் நடுவில் இருந்ததோ கோடாக வரையக்கூடியதன்று. 29 வயதில் மாண்ட ஜெர்மானியர் ஆட்டோ டைட்டர்ஸின் ஆய்வுகள் 1865-இல், அவர் இறந்த பின், வெளிவந்தன. நுண்நோக்கியின்கீழ் சாம்பல் நிறமும் வெண்ணிறமும் குறுக்கும் நெடுக்கும் பின்னிக் கிடந்த அப்பகுதிக்கு வலை என்ற பெயர் நிலைத்ததை அவரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆனால் அப்பெயர் ஒருவகையில் அறியாமையின் ஒப்புதல். திட்டமான எல்லையுள்ள நரம்புக் கருக்களுக்கு எல்லாம் பெயரிட்ட பிறகு, மீந்ததை வலை என்றனர்.

மீந்தது என்று எண்ணப்பட்ட அது என்ன செய்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில் இரு திசைகளிலிருந்து தெரியவந்தது. பிரஸ்ஸல்ஸில் ஃப்ரெடெரிக் ப்ரெமர் 1930-களில் பூனைகளின் நரம்பு மண்டலத்தை இரு மட்டங்களில் துண்டித்தார். நடுமூளையில் வெட்டப்பட்ட பூனை உறங்கியே கிடந்தது. முகுளம் தண்டுவடத்தோடு சேருமிடத்தில் வெட்டப்பட்ட பூனை, உடல் முழுதும் செயலிழந்தும் விழிப்பதும் உறங்குவதுமாக இருந்தது. இரு வெட்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் விழிப்பைக் காக்கும் ஏதோ ஒன்று உண்டென்பது இதிலிருந்து துலங்கும். 1949-இல் பீசாவிலிருந்து வந்த ஜூசப்பே மொருஸ்ஸியும் சிகாகோவின் ஹொரேஸ் மகூனும், அப்பகுதியின் வலைப்பின்னல் அமைவில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தபோது, மூளையின் உறக்க அலைகள் விழிப்பின் அலைகளாக மாறுவதைக் காட்டினர். அக்கட்டுரை புகழ்பெற்றது, நனவைப் பற்றிய உரையாடலையே அது மாற்றியது.

என் கணிப்பில், தண்டுவடம் முறிந்தவனுக்கு அதைவிட முக்கியமானது மூன்றாண்டுகள் முன்னே, 1946-இல், மகூனும் ரூத் ரைன்ஸும் வெளியிட்ட, அத்துணைப் புகழ் பெறாத ஆய்வு. மேல்நோக்கிச் செல்லும் செல்வாக்கை அன்றி, கீழ்நோக்கி இறங்குவதை அவர்கள் பார்த்தனர். முகுளத்து வலையின் உட்கீழ்ப் பகுதியைத் தூண்டினால் கைகால்களின் அனிச்சைச் செயல்கள் அடங்கின; அதற்கு மேலும் பக்கவாட்டிலும் உள்ள பகுதியைத் தூண்டினால் அவை மிகுந்தன. மதகு கிடைத்தது. ஒரே அமைவில் திறக்கும் கையும் அடைக்கும் கையும் இருந்தன.

விறைப்பின் கதை அதோடு முடியவில்லை. வலைப்பின்னல் அமைவின் நடுக்கோட்டை ஒட்டிய செல்கள் ஸெரடோனின் என்னும் வேதிப்பொருளைத் தண்டுவடத்தின் இயக்கச் செல்கள் மீது சொரிகின்றன. அச்செல்கள் விழிப்போடிருக்க அது தேவை. காயத்தால் அது நின்றவுடன் அவை அமைதியாகிவிடுகின்றன. ஆரம்பத் துவள்வுக்கு ஒரு காரணம் இது. பின்னர் அச்செல்கள், வராத பொருளுக்காகக் காத்திராமல், அதை ஏற்கும் வாயில்களைத் தாமே திறந்த நிலையில் வைத்துக்கொள்ளக் கற்கின்றன என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் எலிகளில் 2010-இல் காட்டினர். அதனால் அசைவு ஓரளவு மீள்கிறது. அதே காரணத்தால் அடக்குவாரின்றித் துடிப்பும் வருகிறது. மீட்சியும் துன்பமும் ஒரே வாயிலில் நுழைகின்றன.

இவ்வாய்வுகள் நடந்த அதே காலத்தில் நோயாளிகளும் பிழைக்கத் தொடங்கியிருந்தனர். நாஜி ஜெர்மனியிலிருந்து 1939-இல் தப்பிய யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். இவர்களைக் கொல்வது பெரும்பாலும் முறிவன்று. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், சிறுநீர்ப்பையைத் தூய்மையாகக் காப்பதும் எகிப்தியச் சுருளின் தீர்ப்பை மாற்றி எழுதின. 1947-இல் அவரும் விட்டரிட்ஜும், நிறைந்த சிறுநீர்ப்பை இந்நோயாளிகளின் இரத்த அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்துவதை விவரித்தனர். இங்கும் வலையே காரணம். இரத்த நாளங்களின் இறுக்கத்தை ஆளும் செல்கள் முகுளத்தில் உள்ளன; மார்பின் ஆறாம் மட்டத்துக்கு மேலே தண்டுவடம் அறுந்தால் அவற்றின் கட்டளை கீழே சேராது. கடும் தலைவலியும் முகச்சிவப்பும் வியர்வையுமாக வரும் அந்நிலையில், அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாயைச் சரிசெய்வதே உயிர் காக்கும் மருத்துவம். வீட்டில் இத்தகைய நோயாளியைப் பராமரிப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. பலருக்கு எவரும் சொல்வதில்லை.

பிழைத்தவர்கள் நடக்க இயலுமா என்பது அடுத்த கேள்வி. 1966-இல் மாஸ்கோவில் ஷிக், ஸெவெரின், ஓர்லோவ்ஸ்கி ஆகியோர், பெருமூளையின் ஆட்சியிலிருந்து துண்டிக்கப்பட்ட பூனையை ஓடுபட்டையின் மேல் நிறுத்தி, நடுமூளையின் ஒரு புள்ளியில் மின்தூண்டல் கொடுத்தனர். பூனை நடந்தது, தூண்டலைக் கூட்டக் கூட்ட ஓடியது. அப்புள்ளி தண்டுவடத்தோடு பேசுவது வலைப்பின்னல் அமைவின் வழியாக. 1968-இல் லாரன்ஸும் கைப்பர்ஸும் குரங்குகளில் அரசபாதையை இருபுறமும் அறுத்தனர். அவை நடந்தன, ஏறின, கைநிறையப் பற்றின. விரல்களைத் தனித்தனியே இயக்கும் நுட்பம் மட்டும் திரும்பவில்லை. பாடநூலின் தடித்த கோடு இன்றியும் உடல் நடக்கும் என்றால், நடையைச் சுமப்பது வேறு பாதை.

அப்பாதையின் இயல்பைக் கவனித்தால் காயத்தில் அதன் பங்கு விளங்கும். புறணியின் இழைகள் பெரும்பாலும் ஒரே கற்றையாகச் செறிந்து, எதிர்ப்பக்கத்துக்கு இறங்குகின்றன. வலைப்பின்னல் அமைவின் இழைகளோ தண்டுவடத்தின் முன்பகுதியிலும் பக்கங்களிலும் பரந்து கிடக்கின்றன, இருபுறமும் செல்கின்றன, ஓரிழையே பல மட்டங்களில் கிளைவிடுகிறது. விபத்தில் தண்டுவடம் கத்தியால் வெட்டியதுபோல் அறுவது அரிது. பெரும்பாலும் நசுங்குகிறது, ஓரங்களில் ஏதேனும் எஞ்சுகிறது. செறிந்த கற்றை அழிந்தாலும் பரந்த வலையின் சில இழைகள் தப்புவதற்கு வாய்ப்புண்டு. 1980-களில் மிலன் டிமிட்ரியெவிச், முற்றும் செயலிழந்தோர் எனக் கணிக்கப்பட்ட சிலரிடம் மூளையின் செல்வாக்கு காயத்தைத் தாண்டி இன்னும் கசிவதை மின்பதிவுகளால் காட்டினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பைரன் ககுலாஸ் செய்த இறப்புக்குப் பிந்தைய ஆய்வுகளும் அத்தகையோர் பலரிடம் நரம்புத்திசு தொடர்ந்திருந்ததைக் கண்டன. கண்ணுக்கு முற்றாக வறண்ட ஓடை, மணலுக்கடியில் ஊறிக்கொண்டிருந்தது.

அந்தக் கசிவைப் பயன்படுத்த இயலும் என்பதற்குச் சான்று 2018-இல் லோசானிலிருந்து வந்தது. எலிகளின் தண்டுவடம் நசுக்கப்பட்டது. புறணியிலிருந்து நேரே இறங்கும் இழைகள் யாவும் அறுந்தன. வலைப்பின்னல் அமைவினின்று வரும் இழைகளில் ஒரு பங்கு எஞ்சியது. மின்தூண்டலும் மருந்தும் கொடுத்து, எந்திரத் தாங்கியில் எடையைத் தாங்கி, அவை நடக்கப் பயிற்றப்பட்டன. வாரங்கள் கழிந்தபின் அவை தம் விருப்பப்படி நடந்தன. புறணி தன் கட்டளையை முகுளத்து வலைக்கு அனுப்ப, வலை எஞ்சிய இழைகள் வழியே அதைக் கீழே கடத்திற்று. வலையின் அச்செல்களை அடக்கியபோது நடை நின்றது.

இதற்கும் விலை உண்டு. நியூகாசிலைச் சேர்ந்த ஸ்டூவர்ட் பேக்கர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், புறணிப்பாதை அறுந்த குரங்குகளில் வலையின் இணைப்புகள் வலுப்பெற்றிருந்தன. ஆனால் முன்கையில் மடக்கும் தசைகளுக்கு வலுப்பெற்றனவே தவிர, விரிக்கும் தசைகளுக்கு வலுப்பெறவில்லை. காயமுற்றோர் பலருடைய கை பொருளைப் பற்றிக்கொள்வதும், பற்றியதை விட இயலாமல் தவிப்பதும் இதனோடு பொருந்துகிறது. 2017-இல் பேக்கரும் மோனிகா பெரெஸும், கழுத்துத் தண்டுவடம் பகுதியளவு காயமுற்ற மனிதரிடம் திடுக்கிடச் செய்யும் பேரொலியைப் பயன்படுத்தி, முழுக்கையால் பற்றும் செயலில் வலையின் பங்கைச் சோதித்தறிந்தனர். திடுக்கிடுதலே வலையின் செயல் என்பதால், உடல் ஒலிக்குத் துள்ளும் வேகத்தில் அதன் வலு தெரியும்.

2013-இல் சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் குழுவினர், பகுதியளவு காயமுற்ற எலிகளில் மாஸ்கோவினர் கண்ட நடுமூளைப் புள்ளியைத் தூண்டி நடையை மேம்படுத்தினர். 2024 டிசம்பரில் லோசான் குழுவினர் சற்று மேலேயுள்ள பக்கவாட்டு ஹைப்போதலாமஸில் மின்முனை பொருத்தியதை அறிவித்தனர். எலிகளில் அத்தூண்டல் வலைப்பின்னல் அமைவின் செல்கள் வழியே வேலை செய்தது. மனிதரில் இருவருக்கு மட்டுமே அது பொருத்தப்பட்டது. இருவரும் பகுதியளவு காயமுற்றவர்கள். தூண்டல் கிடைத்தவுடன் கால்களில் நடக்கும் உந்துதலை உணர்ந்தனர். பயிற்சியின் பின் தூண்டல் இல்லாதபோதும் நடை ஓரளவு மேம்பட்டிருந்தது. ஓரிழையும் எஞ்சாதவருக்கு இம்முறையில் கொடுக்க ஒன்றுமில்லை.

ஆகவே எஞ்சியது உண்டா என்பதை முதலில் அறிய வேண்டியிருக்கிறது. 1982-இல் அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் வகுத்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட சோதனை முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. மருத்துவர் தசைகளின் வலுவை மட்டம் மட்டமாகப் பார்க்கிறார். தோலில் பஞ்சு வைக்கிறார். பிறகு ஓர் ஊசியை எடுத்துக் குத்தி, தெரிகிறதா என்று கேட்கிறார்.